புதிய மாணவர் பேரவைக்கு: ஓராண்டுத் திட்டம் போடுவது எப்படி

முடிவு அறிவித்த அன்று இரவே வாட்ஸ்அப்பில் கோரிக்கைகள் வந்து குவியத் தொடங்கிவிடும். கேன்டீன் விலை, கழிவறையில் தண்ணீர் இல்லை, கடைசி பஸ் நிற்பதில்லை, இன்டர்னல் மார்க் காட்டுவதில்லை, கல்ச்சுரல்ஸுக்கு எந்த நடிகரைக் கூப்பிடப் போகிறீர்கள்... புதிதாக வந்தவர்கள் உற்சாகத்தில் எல்லாவற்றுக்கும் "பண்ணிடலாம்" என்று பதில் போடுவார்கள். பாதிப் பேரவைகள் அந்த இரவிலேயே தோற்றுவிடுகின்றன.

தமிழ்நாடு, புதுச்சேரிக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சேர்மன், செயலாளர், பொருளாளர், துறைப் பிரதிநிதி என்று ஏதோ ஒரு பொறுப்புக்கு முதல்முறையாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேர்தலே இல்லாமல் முதல்வர் கூப்பிட்டு நியமித்த பேரவை என்றாலும் வேலை ஒன்றுதான்.

முதலில் நாட்காட்டி

இந்தியாவில் மாணவர் தேர்தல்களுக்கு அடிப்படை லிங்டோ குழுவின் பரிந்துரைகள். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு 2006 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஜூலையில் கல்லூரி திறந்தால் நீங்கள் நாற்காலியில் உட்காரும்போது செப்டம்பர் வந்திருக்கும்.

ஒரு சார்ட் பேப்பரை எடுத்து மாதங்களை எழுதுங்கள். அக்டோபர் பக்கம் ஆயுத பூஜையும் தீபாவளியும் வரும். நவம்பரில் செமஸ்டர் தேர்வு, கூடவே மழை விடுமுறை. ஜனவரியில் பொங்கல். பிப்ரவரி, மார்ச்சில் கல்ச்சுரல்ஸ், விளையாட்டு விழா, ஆண்டு விழா. ஏப்ரலில் மறுபடியும் தேர்வு. இதையெல்லாம் அடித்துவிட்டுப் பார்த்தால் கையில் நிற்கும் வேலை நாட்கள் நான்கு மாதம்கூடத் தேறாது. இந்தக் கணக்கைப் பேரவையின் முதல் கூட்டத்தில், எல்லார் கண்முன்னாலும் போட வேண்டும். "இருபது வாக்குறுதி கொடுத்தோமே" என்று கேட்கும் நண்பருக்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது, சார்ட்டே சொல்லிவிடும்.

அந்த வாரத்திலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: தேர்தல் செலவுக் கணக்கு. லிங்டோ விதிப்படி ஒரு வேட்பாளரின் செலவு வரம்பு 5,000 ரூபாய். முடிவு அறிவித்த இரண்டு வாரத்துக்குள் கணக்குத் தர வேண்டும். தராவிட்டால் வெற்றியே செல்லாமல் போகலாம். உங்கள் மேல் கோபமாக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

எந்த மேசையில் உங்களுக்கு நாற்காலி இருக்கிறது?

பேரவையின் விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் "அப்படி ஒன்று இருக்கிறதா?" என்று அலுவலகத்திலேயே கேட்பார்கள். இருக்கும், ஏதாவது ஓர் அலமாரியில் இருக்கும். போன ஆண்டுப் பேரவையின் கோப்பு, தீர்மானப் புத்தகம், வரவு செலவு ஆகியவற்றையும் எழுத்து மூலமாகவே கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான பேரவைகளுக்குத் தங்கள் பலம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கேட்டைப் பூட்டுவதில்தான் பலம் என்று நினைக்கிறார்கள். மாணவர் இருக்க வேண்டும் என்று விதியே சொல்லும் குழுக்கள் கல்லூரிக்குள் பல இருக்கின்றன. அந்த இடங்கள் பெயருக்கு நிரப்பப்பட்டிருக்கும், இல்லையென்றால் காலியாகக் கிடக்கும். அவற்றைப் பட்டியல் போடுவதிலிருந்து உங்கள் திட்டம் தொடங்கட்டும்.

உள்ளகப் புகார்க் குழு: பாலியல் துன்புறுத்தல் தொடர்பாகப் பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வகுத்த விதிகளின்படி, மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலைகளிலிருந்து மூன்று மாணவர்கள் அதில் இருக்க வேண்டும். அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றும் விதி சொல்கிறது. துறைத் தலைவர் (ஹெச்ஓடி) கைகாட்டிய மூன்று பேராக இருந்தால் கேள்வி கேட்க உங்களுக்கு இடமுண்டு.

மாணவர் குறைதீர்ப்புக் குழு: மானியக் குழுவின் 2023 விதிகளின்படி இதில் ஒரு மாணவர் சிறப்பு அழைப்பாளராக உட்கார வேண்டும். புகார் வந்து 15 வேலை நாட்களுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மதிப்பெண் பட்டியல் தாமதம், அசல் சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொள்வது, கட்டணத்தைத் திருப்பித் தராதது போன்றவற்றுக்கு இதுதான் சரியான வாசல். இப்படி ஒரு குழு இருப்பதையே மாணவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

ராகிங் தடுப்புக் குழு: 2009 விதிகளின்படி முதலாண்டு மாணவரும் மூத்த மாணவரும் இதில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்குத் தனிச் சட்டமே உண்டு. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட பிறகு வந்த 1997ஆம் ஆண்டுச் சட்டம் அது. பேரவையில் இருப்பவர்களின் நண்பர்கள்தான் பல நேரம் ராகிங் புகாரில் சிக்குவார்கள் என்பதால், யார் பெயர் வந்தாலும் தலையிட மாட்டோம் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுவது நல்லது.

இவை போக உள்ளகத் தர உறுதிக் குழு ஒன்று இருக்கும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் மதிப்பீடு செய்யும் ஆண்டில் மட்டும் மாணவர் பிரதிநிதியைத் தேடி ஆள் விடுவார்கள். மாணவர் பேரவை சுறுசுறுப்பாக இயங்குகிறதா என்பதும் நாக் பார்க்கும் விஷயங்களில் ஒன்று. உங்கள் கல்லூரிக்கு இந்த ஆண்டு நாக் மதிப்பீடு வருகிறது என்றால் அதிர்ஷ்டம்தான். ஐந்து ஆண்டாக வராத குடிநீர் எந்திரம் அந்த மாதத்தில் வந்துவிடும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

நியமனப் பேரவையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நியமன முறை தற்காலிக ஏற்பாடாக மட்டுமே இருக்கலாம், ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்றுதான் லிங்டோ குழு சொன்னது. அந்த ஐந்து ஆண்டு போய் வெகுகாலம் ஆகிவிட்டது. நீண்டகாலக் கோரிக்கைகளில் ஒன்றாகத் தேர்தலையும் வையுங்கள்.

கேட்பது

கூகுள் படிவம் அனுப்பினால் நூற்றுக்கணக்கில் பதில் வரும், பார்க்கத் திருப்தியாகவும் இருக்கும். ஆனால் படிவத்தை நிரப்புகிறவர் யார் என்று பாருங்கள். உங்களுக்கு ஓட்டுப் போட்டவர், உங்கள் குரூப்பில் இருப்பவர், விடுதியில் நேரம் கிடைப்பவர். முதல் மணிக்கு வந்து கடைசி மணி அடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்கள் அதில் இருக்க மாட்டார்கள். இரண்டாம் ஷிப்ட் மாணவர்கள் இருக்க மாட்டார்கள். ஒரே கட்டடம், அதிகக் கட்டணம், ஆனால் அவர்கள் வரும்போது நூலகம் மூடும் நேரம். அரசு ஆதிதிராவிடர் நல விடுதியில் (தமிழ்நாட்டில் 2025இல் இதற்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள்) தங்கிப் படிப்பவர்களும் இருக்க மாட்டார்கள், ஏனென்றால் அந்த விடுதி கல்லூரி வளாகத்துக்கு வெளியே இருக்கும். சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு மூன்றாம் மாடியில் வகுப்பு போட்டிருப்பதும் எந்தப் படிவத்திலும் பதிவாகாது.

அதனால் ஆளுக்கொரு திசையாகப் போங்கள். ஒருவர் பஸ் நிறுத்தத்தில் நிற்கட்டும், ஒருவர் விடுதி மெஸ்ஸில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் உட்காரட்டும், ஒருவர் இரண்டாம் ஷிப்ட் இடைவேளையில். கேட்க வேண்டிய கேள்வி "என்ன வேண்டும்?" என்பதல்ல. அப்படிக் கேட்டால் ஏசி வேண்டும் என்பார்கள். "போன வாரம் கல்லூரியில் எதனால் உங்கள் நேரமோ காசோ வீணானது?" என்று கேளுங்கள். பதில்கள் வேறு மாதிரி வரும். நாப்கின் எரியூட்டி வேலை செய்யவில்லை, ஹால் டிக்கெட் வாங்க அரைநாள் வரிசை, ஜெராக்ஸ் கடை ஒன்றுதான், உதவித்தொகை வரவில்லை.

வாசலைப் பிரிப்பது

கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு விஷயத்தைக் குறியுங்கள்: இதில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு? கோரிக்கைகள் செத்துப்போவதற்குப் பெரும்பாலும் நிர்வாகத்தின் பிடிவாதம் காரணமல்ல, தவறான கதவைத் தட்டியதுதான் காரணம். முதல்வரால் செய்யவே முடியாத ஒன்றை முதல்வர் அறை முன்னால் உட்கார்ந்து கேட்போம். அவரும் "பார்க்கலாம்" என்பார்.

உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. சிலருக்கு மட்டும் வராது. விசாரித்தால் பல நேரம் ஆதார் வங்கிக் கணக்கோடு இணையாமல் இருக்கும், அல்லது பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். இதற்கு ஆர்ப்பாட்டம் தேவையில்லை. அலுவலகத்தில் அந்தப் பிரிவைப் பார்க்கும் எழுத்தரோடு பேசி, வங்கியிலிருந்தோ அஞ்சலகத்திலிருந்தோ ஒருநாள் முகாம் போட வைத்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பஸ் நேரம் என்றால் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளர். விடுதிச் சாப்பாடு என்றால் மெஸ் கமிட்டியும் வார்டனும். தேர்வுக் கட்டணம் என்றால் பல்கலைக்கழகம், அதுவும் ஒரு கல்லூரிப் பேரவை தனியாகப் போனால் நடக்காது. பக்கத்துக் கல்லூரிகளையும் சேர்த்துக்கொண்டு போக வேண்டும்.

வாசலைப் பிரித்து முடித்ததும் மூன்று வேலைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒன்று, ஒரு மாதத்துக்குள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முடிவது. இது நடந்தால்தான் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வரும். இரண்டாவது, உங்கள் பதவிக்காலம் முழுக்கத் துரத்த வேண்டியது. நூலக நேரத்தை நீட்டிப்பது, இன்டர்னல் மதிப்பெண்ணை இறுதி செய்வதற்கு முன் மாணவருக்குக் காட்டும் நடைமுறை போன்றவை. மூன்றாவது, உங்கள் காலத்தில் முடியாது என்று தெரிந்தே தொடங்குவது. புது விடுதி, சரிவுப்பாதை, லிஃப்ட், தேர்தல் முறை. இந்த மூன்றாவது வேலையை யாரும் எடுக்க விரும்புவதில்லை. பெயர் அடுத்த அணிக்குப் போய்விடும் என்று பயம். ஆனால் கல்லூரிகளில் பெரிதாக மாறிய எதையும் விசாரித்துப் பாருங்கள், இரண்டு மூன்று பேரவைகள் அடுத்தடுத்து ஒரே மனுவைத் தள்ளிக்கொண்டு வந்திருப்பார்கள். மற்ற கோரிக்கைகளைத் தூக்கிப் போட வேண்டாம். துறைப் பிரதிநிதிகளிடம் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

மனுவும் ஒப்புகையும்

ஒரு மனுவில் ஒரு விஷயம்தான். பன்னிரண்டு கோரிக்கை எழுதிய மனுவுக்கு, எளிதான ஒன்றை மட்டும் செய்துவிட்டு "பரிசீலித்தோம்" என்று பதில் வரும். என்ன பிரச்சினை, எத்தனை பேருக்கு, யார் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று நான்கும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். அலுவலகத்தில் கொடுக்கும்போது நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். முதல்வரோடு வாய்மொழியாகப் பேசி ஒப்புக்கொண்டதை அன்று மாலையே "இன்று பேசியபடி" என்று தொடங்கி மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.

எண்கள் கோரிக்கைக்கு எவ்வளவு வலு சேர்க்கும் என்பதற்கு 2019இல் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பாருங்கள். செப்டம்பரில் புதிய பேரவை வந்தது. அக்டோபர் கடைசியில் விடுதிக் கட்டண உயர்வு வந்து விழுந்தது. தனி அறை மாத வாடகை 20 ரூபாயிலிருந்து 600 ரூபாய், அதற்கு மேல் புதிதாகச் சேவைக் கட்டணம். அதை எதிர்த்தவர்கள் எடுத்துக் காட்டிய வலுவான ஆதாரம் பல்கலைக்கழகத்தின் சொந்த ஆண்டறிக்கையிலிருந்தே வந்தது: சேர்ந்த மாணவர்களில் சுமார் 40 சதவீதம் பேரின் குடும்ப மாத வருமானம் 12,000 ரூபாய்க்குக் கீழே. நிர்வாகம் நவம்பரில் ஓரளவு பின்வாங்கியது. முழுமையாக அல்ல, போராட்டமும் தொடர்ந்தது. உங்கள் கல்லூரி ஆண்டறிக்கையும் இணையதளத்தில் எங்காவது கிடக்கும். யாரும் படிப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் போடுகிறார்கள்.

கிடைக்காத தகவலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். பேரவையின் பெயரில் போடாதீர்கள், சட்டம் குடிமகனுக்குத்தான் அந்த உரிமையைத் தருகிறது. ஒரு தனிநபர் பெயரில் போடுங்கள். சுயநிதிக் கல்லூரியிடம் நேரடியாகக் கேட்க முடியாது, ஆனால் அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்திடம் உள்ள ஆவணங்களைக் கேட்கலாம்.

பணம்

கட்டண ரசீதில் பேரவைக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எத்தனை மாணவர், மொத்தம் எவ்வளவு, யார் கையெழுத்தில் எடுக்கலாம் என்று பொருளாளர் முதல் வாரமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தனியாக விட்டால் அந்தப் பணம் முழுக்க இரண்டு நாள் கல்ச்சுரல்ஸில் கரைந்துவிடும். விழா வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அந்த இரண்டு நாளைத்தான் எல்லாரும் நினைவு வைத்திருப்பார்கள். ஆனால் விழாவுக்கு முன்பே ஒரு பங்கை ஒதுக்கி, அது எதற்கு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். டி-ஷர்ட், சவுண்ட் சிஸ்டம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் பில் வாங்குங்கள். பில் இல்லாத செலவை முன்பணம் வாங்கியவர்தான் கடைசியில் சுமப்பார். ஸ்பான்சர் பணமும் கல்லூரிக் கணக்கு வழியாகவே வரட்டும். யாருடைய ஜிபேக்கும் வர வேண்டாம்.

வரக்கூடிய சிக்கல்கள்

கட்சிகள் வரும். கட்சி சார்ந்த மாணவர் அமைப்பில் நீங்கள் இருப்பது உங்கள் உரிமை. ஆனால் பேரவையின் லெட்டர்பேடில் கட்சியின் கோரிக்கையை அடித்து அனுப்பத் தொடங்கினால், எதிர் அமைப்பில் இருப்பவர் தன் மெஸ் பிரச்சினையைக்கூட உங்களிடம் கொண்டுவர மாட்டார். சாதியும் வரும், இன்னும் நைசாக வரும். "நம்ம ஊர்ப் பசங்க" என்று தொடங்கும். விடுதி அறை ஒதுக்கீட்டிலும் விழாக் குழுப் பட்டியலிலும் யார் பெயர்கள் இருக்கின்றன என்று நீங்களே ஒருமுறை வெளியாள் கண்ணோடு படித்துப் பாருங்கள்.

வருகைப்பதிவு இன்னொன்று. போட்டியிடவே 75 சதவீதம் வேண்டும், அரியர் இருக்கக் கூடாது என்று விதி. பதவிக்கு வந்த பிறகு கூட்டம், அனுமதி, அலைச்சல் என்று அது கரையும். பேரவைப் பணிக்கு வெளியே போகும் நாட்களுக்கு முன்கூட்டியே ஓ.டி. (ஆன் டூட்டி) கடிதம் வாங்குங்கள். நிர்வாகத்தோடு மோதல் வரும்போது முதலில் எடுக்கப்படும் கோப்பு உங்கள் வருகைப்பதிவுதான்.

மனநலம் தொடர்பான அழைப்புகள் நள்ளிரவில் உங்களுக்கு வரும். நீங்கள் ஆலோசகர் அல்ல, ஆகவும் முயலாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, ராகிங் உதவி எண் 1800-180-5522 இரண்டையும் விடுதியின் ஒவ்வொரு தளத்திலும் ஒட்டுங்கள். ஆபத்து என்று தோன்றினால் அந்த மாணவரைத் தனியாக விடாமல் வார்டனையும் குடும்பத்தையும் உடனே கூப்பிடுங்கள்.

வேலைநிறுத்தம் பற்றிக் கேட்பீர்கள். மனு, நினைவூட்டல், குறைதீர்ப்புக் குழு எல்லாம் போய் வந்த காகிதம் கையில் இருக்கும்போது உட்காருங்கள். அந்தக் காகிதம் இருந்தால் பெற்றோரும் ஆசிரியர்களில் சிலரும் உங்கள் பக்கம் பேசுவார்கள். இல்லாமல் உட்கார்ந்தால் மூன்றாம் நாள் விடுதியைக் காலி செய்யச் சொல்வார்கள், அதோடு கலைந்துவிடும்.

அடுத்த அணிக்கு

லிங்டோ விதிப்படி நிர்வாகிப் பதவிக்கு ஒருவர் ஒரே ஒருமுறைதான் போட்டியிடலாம். செயற்குழு உறுப்பினருக்கு இரண்டு வாய்ப்பு. அதாவது தலைவர் கட்டாயம் போய்விடுவார். பேரவையின் நினைவாற்றல் ஒவ்வோர் ஆண்டும் அழிவது இதனால்தான். நிர்வாகத்துக்கு இது நன்றாகத் தெரியும். "ஏப்ரல் வரை தள்ளினால் போதும்" என்பது எழுதப்படாத உத்தி. அதை உடைக்க இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் மூன்று முக்கிய வேலைகளுக்கும் துணையாக இரண்டாமாண்டு மாணவர் ஒருவரை செப்டம்பரிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், எல்லாக் கூட்டத்துக்கும் கூட்டிப் போங்கள். அப்புறம் ஒரே ஒரு கோப்பு. அதில் சீல் வைத்த மனுக்கள், பதில்கள், கணக்கு, எந்தப் பிரிவில் எந்த வேலைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்ற ஒரு பக்கக் குறிப்பு, முடியாமல் போன வேலைகள் எங்கே நிற்கின்றன என்ற ஒரு பக்கம்.

கோப்பை மூன்று நகல் எடுங்கள். ஒன்று பொறுப்பாசிரியரிடம், ஒன்று நூலகத்தில், ஒன்று அந்த இரண்டாமாண்டு மாணவரிடம். பேரவை மின்னஞ்சலின் கடவுச்சொல், வாட்ஸ்அப் குழுவின் அட்மின், இன்ஸ்டாகிராம் கணக்கு எல்லாவற்றையும் அதே நாளில் மாற்றிக் கொடுங்கள். மார்ச் மூன்றாவது வாரத்துக்குள் இதை முடித்துவிடுங்கள். தேர்வு அட்டவணை ஒட்டிய பிறகு உங்கள் அணியில் ஒருவரும் போன் எடுக்க மாட்டார்கள்.